கட்டுநாயக்கவோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் ஹோட்டல்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் வரவேற்பு மேசையில் இருக்கும், வான் ஓட்டும், படகு விடும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



வரப்போகிறவர்கள் உங்களிடம் முதலில் கேட்பது அறை வாடகை. அடுத்தது, "எங்கள் ஊரிலிருந்து பாசிக்குடாவுக்கு எவ்வளவு தூரம், வந்துசேர எவ்வளவு நேரம்?" என்பது. கேட்பவர் ஒரு ஜேர்மன் குடும்பமாக இருக்கலாம். முப்பது வருடம் கழித்து, வயதான தாயையும் கூட்டிக்கொண்டு பேத்தாழைக்கு வரும் நம்முடைய உறவாகவும் இருக்கலாம். நீங்கள் போனைத் தட்டிப் பார்த்து, அதில் வரும் இலக்கத்தைச் சொல்கிறீர்கள். லண்டன் என்றால் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், பத்தரை மணித்தியாலம். அந்த இலக்கத்தில் பிழையில்லை. ஆனால் அது கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து நின்றுவிடுகிறது. கேட்டவர் கேட்டது பாசிக்குடாவை.

இந்தக் கணக்கை நீங்களே பென்சிலும் சைன், கோசைன் உள்ள கணிகருவியும் வைத்துப் போடப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். பத்தாம் பதினோராம் வகுப்பில் சைன், கோசைன் படித்தவர்கள் நீங்கள். பரீட்சையோடு அதை மூடிவைத்துவிட வேண்டாம். உங்கள் தொழிலுக்கு அது நாள்தோறும் உதவக்கூடிய அறிவு.

முதலில் தூரம். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அது தற்செயலாக அமைந்த முழு எண் அன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீற்றரை வரையறுத்தவர்கள், துருவத்திலிருந்து மத்திய கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் அதை வைத்தார்கள். ஆகவே 40,000 ஐ 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் சொச்சம் வரும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது வேறு உருவத்தில் தெரிந்ததுதான்: ஒரு பாகையில் அறுபது கடல் மைல், ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே பூமியின் மையத்தில் எத்தனை பாகைக் கோணம் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதை 111.2 ஆல் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் இருப்பது வடக்கே 51.47 பாகை, மேற்கே 0.45 பாகை. கட்டுநாயக்க வடக்கே 7.18, கிழக்கே 79.88. நெட்டாங்கு வித்தியாசம் 80.33 பாகை. இரண்டு அகலாங்குகளின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.125 ஐ 0.782 ஆல் பெருக்க 0.098. பிறகு இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.992, 0.623, 0.168. அது 0.104. இரண்டையும் கூட்டினால் 0.202 க்குக் கிட்ட. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கணிகருவியைக் கேட்டால் 78.37 பாகை என்கிறது. 111.2 ஆல் பெருக்க, 8,715 கிலோமீற்றர். பூமி சரியான கோளம் இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் சில பத்துக் கிலோமீற்றர் முன்பின்னாகலாம். விருந்தினருக்குச் சொல்ல இந்தத் துல்லியம் தாராளம்.

சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் இந்த விடை வராது. பெருந்தூரத்தில் அது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ரொறன்ரோவைப் பாருங்கள். நம்முடைய சனம் அதிகம் போய்ச் சேர்ந்த ஊர். கட்டுநாயக்கவிலிருந்து தட்டைப் படத்தில் நேர்கோடு இழுத்தால் அது மேற்கு நோக்கிச் சற்றே சரிந்து, ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் கடந்து போகும். அந்தக் கோட்டின் நீளம் 16,100 கிலோமீற்றர் அளவில் வரும். மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால் 14,000 கிலோமீற்றர்தான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் வித்தியாசம்! பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறும். ராஜஸ்தானைத் தாண்டி, காபூலுக்குக் கிட்டப் போய், ரஷ்யாவின் ஊஃபா நகரப் பக்கமாக ஏறி, நோர்வேயின் வட முனையில் திரொம்சோ நகரை உரசி, யான் மாயென் என்ற பனித்தீவுக்குச் சற்று வடக்கே உச்சியைத் தொட்டு, கிறீன்லாந்து வழியாகக் கனடாவுக்குள் இறங்கும்.

அந்தக் கோட்டில் திரொம்சோ வருவதைக் கணக்கில் கண்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வட நோர்வேயின் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்பிய எத்தனையோ ஈழத்துப் பிள்ளைகளின் தலைக்கு மேலாகத்தான் ரொறன்ரோவுக்கான குறுக்குவழி போகிறது.

ஆனால் அந்த வழியில் எந்த விமானமும் நம்மவர்களை நேரே ஏற்றிக்கொண்டு வருவதில்லை. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் நேரடிச் சேவை இல்லை. உக்ரைன் போர் தொடங்கிய 2022 முதல் ரஷ்ய வான்வெளி கனேடிய விமானங்களுக்கு மூடப்பட்டும் இருக்கிறது. பெரும்பாலானோர் வளைகுடா நாடொன்றில் மாறித்தான் வருகிறார்கள். டுபாய் வழியாக வந்தால் முதல் பகுதி 11,080, அடுத்தது 3,290, ஆக 14,370 கிலோமீற்றர். அந்தக் குறுக்குவழியைவிட ஏறக்குறைய 370 கிலோமீற்றர்தான் அதிகம். அரை மணித்தியாலப் பறப்புக்கூட இல்லை. "சுத்தி வாறதாலதான் இவ்வளவு நேரம்" என்று நாம் சொல்லிக்கொள்வது சரியில்லை. நேரத்தைத் தின்பது சுற்றுவழி இல்லை, மாறும் இடத்தில் காத்திருப்பது. அது மூன்று மணித்தியாலமாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்களிடம் யோசனை கேட்கும் உறவுக்கு இதைச் சொல்லுங்கள். கிலோமீற்றரைப் பார்க்க வேண்டாம், மாறும் இடத்தில் எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள் என்று சொல்லுங்கள்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் கதியில் பறக்கும். தூரத்தை 900 ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் சேருங்கள். லண்டனிலிருந்து பத்து மணித்தியாலமும் பத்துப் பதினைந்து நிமிடமும் வரும். இரண்டு பக்கமும் ஓடுபாதையில் ஊர்ந்துபோகும் நேரத்தைச் சேர்த்தால் பயணச்சீட்டில் உள்ள பத்தரைக்கு வந்துவிடுகிறோம்.

இது வருகிற வழிக்கு. திரும்பிப் போகும்போது பதினொரு மணித்தியாலத்தையும் தாண்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓடுகிறது. மாரிகாலத்தில் வட இந்தியாவுக்கும் மேற்காசியாவுக்கும் மேலே அது மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டி வீசும். முகத்துவாரத்தில் நீரோட்டத்தோடு இறங்கும் தோணிக்கும் எதிர்த்து ஏறும் தோணிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வழி முழுவதும் சராசரியாக 50 கிலோமீற்றர் காற்று என்று வைத்துக்கொண்டால் வரும் கதி 950, போகும் கதி 850. ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்க்காமல் வருவதற்கு 9 மணித்தியாலம் 10 நிமிடம், போவதற்கு 10 மணித்தியாலம் 15 நிமிடம். காற்று நூறு என்று வைத்துப் பாருங்கள்: போய்வரும் மொத்த நேரம், காற்றே இல்லாத நாளைவிடக் கால் மணித்தியாலம் கூடும். வரும்போது மிச்சமானது போகும்போது இழந்ததை ஈடுசெய்யாது. ஏனென்றால் எதிர்க்காற்றில் விமானம் இருக்கும் நேரம் அதிகம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கை உயிரைப் பணயம் வைத்துப் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. 1943 இல் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரிலிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரிக்குக் கற்றலினா என்ற கடல் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. இடையில் ஒரு துண்டு நிலமும் பாவிக்க முடியாத இந்து சமுத்திரம். எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலி மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. நம்முடைய சூத்திரத்தில் போட்டால் தூரம் 5,650 கிலோமீற்றர். கதி மணிக்கு 200 அளவில். வகுத்தால் 28 மணித்தியாலம். உண்மையில் 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. காற்றுத்தான் அந்த ஆறு மணித்தியால வித்தியாசத்தின் பெரும்பகுதி. எடை கூடக்கூடாது என்று மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றவில்லை. விமானம் தரையிறங்குமுன் பயணிகள் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டார்கள். அதனால் அதற்கு இரட்டைச் சூரியோதயச் சேவை என்றே பெயர் வந்தது. 1945 வரை 271 தடவை அந்தக் கடலைக் கடந்தார்கள். எரிபொருள் போதுமா என்பது அவர்களுக்குக் கணக்குச் சரியா என்பதைப் பொறுத்தது. இன்று நாம் போனில் ஒரு நொடியில் பார்க்கும் இலக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

கடிகாரத்தையும் சொல்லவேண்டும். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், வந்துசேரும் நேரம் வந்துசேரும் ஊரின் நேரம். நம்முடைய நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. 1996 இல் அதை முன்னுக்குத் தள்ளினார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கே கொண்டுவந்தார்கள். லண்டனில் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள். ஆகவே நம்முடைய பருவமான ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வித்தியாசம் நாலரை மணித்தியாலம், மாரியில் ஐந்தரை. ரொறன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை, மாரியில் பத்தரை. இதைக் கவனிக்காமல் ஒரு நாள் பிந்தி வான் அனுப்பிய கதைகள் நம் பக்கத்தில் உண்டு.

ஜூலையில் ஒரு குடும்பம் ஹீத்ரோவிலிருந்து இரவு 8.30 க்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். அப்போது நமக்கு அடுத்த நாள் அதிகாலை ஒரு மணி. பத்தரை மணித்தியாலம் சேர்த்தால் முற்பகல் 11.30 க்குக் கட்டுநாயக்க. குடிவரவு, பெட்டி, வாசலில் உங்கள் வானைத் தேடிப் பிடிப்பது என்று ஒன்றரை மணித்தியாலம் போகும். ஒரு மணிக்கு வான் புறப்படும். குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை, ஓட்டமாவடி. வழியில் ஒரு சாப்பாடு, ஒரு தேத்தண்ணி. ஆறு மணித்தியாலம். பாசிக்குடா வந்துசேர மாலை ஏழு. பொழுது பட்டுவிடும். அவர்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட, இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்ற அந்தக் கடலை அன்று காணமாட்டார்கள். விமானம் ஏறியதிலிருந்து பதினெட்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வானிலேயே தூங்கிப்போயிருப்பார்கள். அம்மாவின் கால் வீங்கியிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்து வருகிற விருந்தினர் பொறுத்துக்கொள்வார். பத்தரை மணித்தியாலம் என்று மட்டும் கேட்டு வந்தவர் உங்கள் மேசைக்கு முன்னால் கோபத்தோடு வந்து நிற்பார். அந்தக் கோபத்தைச் சம்பளத்துக்கு நிற்கும் இருபது வயதுப் பிள்ளை தாங்கவேண்டியிருக்கிறது. அது நியாயமே இல்லை.

இப்போது இரண்டு தூரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து பாசிக்குடாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 203 கிலோமீற்றர். லண்டனிலிருந்து வரும் முழுத் தூரத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு சொச்சம். ஆனால் ஓடும் நேரத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது: பதினாறரை மணித்தியாலத்தில் ஆறு. ஒரு விமானக் கம்பனி நூற்றுக்கு ஐந்து கூடுதல் வேகத்தில் பறந்தால் லண்டன் வழியில் அரை மணித்தியாலம் மிஞ்சும். நம்முடைய 203 கிலோமீற்றரைச் சீர்செய்தால் நாலு ஐந்து மணித்தியாலம் மிஞ்சும். கிழக்குக்கு ஆட்கள் வரவில்லை, தெற்குக் கரைக்கே போகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இரண்டு இலக்கங்களையும்தான் முதலில் பேசவேண்டும். கடற்கரையில் இன்னும் ஒரு கட்டடம் கட்டுவதைவிட இது முக்கியம் என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அழகான பயணம். மாகோ, கல்ஓயா சுற்றி வருவதால் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பாதை ஏறக்குறைய 350 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலத்துக்கு மேல். அதை வேகப்படுத்துங்கள் என்று நான் கேட்கமாட்டேன். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு ரயில் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டில் ரயிலும் வானும் மெதுவாகத்தான் போகவேண்டும். இரவில் வான் ஓட்டும் தம்பிமாரே, விருந்தினர் அவசரப்படுத்தினாலும் மின்னேரியா, ஹபரணை வழியில் கதியைக் கூட்டாதீர்கள். அவர் கேட்டால், இந்த ஒரு மணித்தியாலம் யானைகளுக்குக் கொடுத்தது என்று சொல்லுங்கள். முன்பே சொல்லிவைத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

யானையைத் தொடாத வழி வான்வழி. மட்டக்களப்பின் திமிலைதீவில், வாவிக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது. விமானப்படையின் கையில் இருந்து, 2018 இல் பொதுமக்கள் பறப்புக்குத் திறக்கப்பட்டு, இன்று பெயரில் சர்வதேச விமான நிலையமாகவும் இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கட்டுநாயக்கவிலிருந்து அங்கே நேர்கோட்டில் 206 கிலோமீற்றர். மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் பறக்கும் சின்ன செஸ்னாவுக்கே முக்கால் மணித்தியாலம் போதும். ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர். ஆகவே லண்டனிலிருந்து பெரிய ஜெட் இங்கே நேரே இறங்காது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சேவை தொடங்கியபோது வந்தது எழுபது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானம். யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் ஓடுபாதையும் அப்போது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு உட்பட்டதுதான். யாழ்ப்பாணத்துக்கு முடிந்தது மட்டக்களப்புக்கும் முடியவேண்டும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து சென்னை 610 கிலோமீற்றர். மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கும் அந்த விமானத்துக்கு ஏறி இறங்கும் நேரத்தோடு ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள். லண்டனிலிருந்து சென்னை 8,230 அளவு. இரண்டையும் கூட்ட 8,840. லண்டன், கட்டுநாயக்க, மட்டக்களப்பு என்று வந்தால் 8,920. சென்னை வழி எண்பது கிலோமீற்றர் குறைவு! படத்தைப் பார்த்தால் சென்னை சுற்றுவழி போலத் தெரியும், பென்சிலைக் கேட்டால் கிட்டிய வழி என்கிறது. மாறும் இடத்தில் மூன்று மணித்தியாலம் காத்தாலும், ஹீத்ரோவிலிருந்து இரவு ஏறுபவர் அடுத்த நாள் பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே பாசிக்குடாத் தண்ணீரில் கால் வைக்கலாம்.

இதை அதிகாரிகளிடம் கேட்க ஆதாரம் வேண்டும். "தூரம், கஷ்டம்" என்ற பேச்சு எந்த மேசையிலும் நிற்காது. அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வரும் பருவம் முழுவதும் ஒவ்வொரு விடுதியிலும் ஒரு கொப்பி வையுங்கள். விருந்தினர் எந்த விமான நிலையத்தில் ஏறினார், எத்தனை மணிக்கு விமானம் புறப்பட்டது, எங்கே மாறினார், எவ்வளவு காத்திருந்தார், கட்டுநாயக்க வாசலுக்கு வெளியே வந்தது எத்தனை மணிக்கு, உங்கள் வாசலுக்கு வந்தது எத்தனை மணிக்கு. பெயர் வேண்டாம், கடவுச்சீட்டு இலக்கம் வேண்டாம். எல்லாவற்றையும் இலங்கை நேரத்தில் எழுதுங்கள். வான் ஓட்டுபவர்கள் பகலா இரவா, எந்த வழி, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் குறியுங்கள். தூரத்தை வரவேற்பு மேசையில் இருக்கும் தங்கச்சி மேலே சொன்ன முறையில் போட்டு எழுதட்டும். செப்டெம்பர் முடிய எல்லாக் கொப்பிகளையும் வாழைச்சேனையில் ஓரிடத்தில் சேர்ப்போம். கூட்டிப் பிரித்து அட்டவணையாக்குவதற்கு நான் வந்து உட்காருகிறேன். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும் வந்தால் சீக்கிரம் முடியும்.

அன்புடன்,
கல்குடாவிலிருந்து ஒரு கணித ஆசிரியர்